மூன்று கதவுகளும் ஒரு வர்த்தமானியும்

"அரசாங்கத்தின் மூன்று துறைகளும் எவை?" என்று கேட்டால் ஒன்பதாம் தரத்து மாணவியும் தயங்காமல் பதில் சொல்வாள். சட்டத்தை ஆக்குவது சட்டவாக்கத்துறை. அதை நடைமுறைப்படுத்துவது நிறைவேற்றுத்துறை. அதற்குப் பொருள்கொண்டு நீதி வழங்குவது நீதித்துறை. உயர்தர வகுப்புக்கு வந்ததும் இதற்கு 'வலுவேறாக்கம்' என்ற பெயரையும், மொண்டெஸ்கியூ என்ற பிரெஞ்சு அறிஞரையும், அவருடைய நூல் வெளிவந்த 1748 என்ற ஆண்டையும் சேர்த்துக்கொள்கிறோம். மூன்று கட்டங்களை வரைந்து அம்புக்குறி போட்டால் புள்ளிகளும் கிடைத்துவிடுகின்றன.

அதே மாணவியிடம் வேறொரு கேள்வியைக் கேட்டுப் பாருங்கள். உன் குடும்பத்துக்கு அரசாங்கத்தின் ஓர் உத்தரவினால் அநியாயம் நடந்தால் நீ எந்தக் கதவைத் தட்டுவாய்? எத்தனை நாளுக்குள் தட்ட வேண்டும்? அந்தக் கதவு திறக்காவிட்டால் அடுத்தது எது? அரசறிவியலை ஒரு பாடமாகக் கற்கும் எங்கள் வகுப்பிலேயே இதற்குப் பதில் சொல்லக்கூடியவர்கள் சிலர்தான். வீட்டில் வாப்பாவிடமோ நானாவிடமோ கேட்டாலும் "மினிஸ்டரைப் போய்ப் பார்க்க வேண்டும்" என்ற பதிலே பெரும்பாலும் வருகிறது. மூன்று துறைகளைப் பற்றிப் படித்த நாட்டில் ஒரு துறையின் வாசலில் மட்டும் எல்லோரும் வரிசையில் நிற்கிறோம்.

இந்தக் கட்டுரையில் நான் சொல்ல விரும்புவது இதுதான்: நம் நாட்டில் இந்த மூன்று கதவுகளும் ஒரே அளவானவை அல்ல. நிறைவேற்றுத்துறையின் கை மற்ற இரண்டையும் விட நீளமானது. அது நீளும் வழி பெரும்பாலும் வர்த்தமானி என்ற ஒரு தாள். அந்தத் தாளை வாசிக்கத் தெரியாத சமூகம், தனக்கு என்ன நடந்தது என்பதை நடந்து முடிந்த பிறகுதான் அறிந்துகொள்ளும். நமக்கு அது ஒருமுறை நடந்தும் இருக்கிறது.

உரிமையாளர் யார்?

1978ஆம் ஆண்டின் அரசியலமைப்பில் நான் திரும்பத் திரும்ப வாசிக்கும் பகுதி 3ஆம், 4ஆம் உறுப்புரைகள். இலங்கைக் குடியரசில் இறைமை மக்களிடமே உள்ளது, அதை எவருக்கும் பாராதீனப்படுத்த முடியாது என்று 3ஆம் உறுப்புரை சொல்கிறது. ஆட்சித் தத்துவங்களும் அடிப்படை உரிமைகளும் வாக்குரிமையும் அந்த இறைமைக்குள் அடங்கும். மக்களின் சட்டவாக்கத் தத்துவத்தைப் பாராளுமன்றமும், மக்கள் தீர்ப்பின்போது மக்களும் பிரயோகிப்பர். நிறைவேற்றுத் தத்துவத்தை ஜனாதிபதி பிரயோகிப்பார். நீதித் தத்துவத்தைப் பாராளுமன்றம் நீதிமன்றங்களினூடாகப் பிரயோகிக்கும் என்று 4ஆம் உறுப்புரை பிரித்துக் காட்டுகிறது.

இதில் ஒரு வசனத்தையேனும் வீட்டில் உம்மாவுக்கு வாசித்துக் காட்டுங்கள். மூன்று துறைகளுக்கும் சொந்தமாக எதுவுமில்லை. எல்லாமே மக்களுடைய தத்துவம். அவர்கள் அதை அமானிதமாக வைத்திருக்கிறார்கள். அமானிதத்தைப் பற்றி நமக்கு யாரும் புதிதாகக் கற்றுத்தர வேண்டியதில்லை. வைத்திருப்பவர் கணக்குக் காட்ட வேண்டும். கொடுத்தவர் கணக்குக் கேட்க வேண்டும். நம் உயர் நீதிமன்றமும் தன் தீர்ப்புகளில் 'பொது நம்பிக்கைக் கோட்பாடு' என்று சொல்வது ஏறத்தாழ இதையே.

அமைப்பு எப்படியிருக்கிறது? பாராளுமன்றத்தில் 225 உறுப்பினர்கள். அவர்களில் 196 பேர் 22 தேர்தல் மாவட்டங்களிலிருந்தும் 29 பேர் தேசியப் பட்டியலிலிருந்தும் வருகிறார்கள். ஜனாதிபதியை மக்கள் நேரடியாக ஐந்து ஆண்டுகளுக்குத் தெரிவுசெய்கிறார்கள். நீதித்துறையில் நீதவான் நீதிமன்றமும் மாவட்ட நீதிமன்றமும் கீழே இருக்க, மேல் நீதிமன்றம், மேன்முறையீட்டு நீதிமன்றம், எல்லாவற்றுக்கும் மேலாக உயர் நீதிமன்றம் என்று படிகள் ஏறுகின்றன.

படத்தில் வரையும்போது மூன்று கட்டங்களும் தனித்தனியாக நிற்கின்றன. நடைமுறையில் அப்படியில்லை. அமெரிக்காவில் ஒரு கொங்கிரஸ் உறுப்பினர் அமைச்சரவையில் சேர வேண்டுமானால் தன் ஆசனத்தைத் துறக்க வேண்டும். பிரித்தானியாவில் பிரதமரும் அமைச்சர்களும் பாராளுமன்றத்துக்குள் இருந்து வருவதோடு அதன் நம்பிக்கை இருக்கும்வரையே பதவியில் இருப்பர். நம் அரசியலமைப்பு இரண்டையும் கலந்திருக்கிறது. ஜனாதிபதி பாராளுமன்றத்துக்கு வெளியே தனியாகத் தெரிவாகிறார். அமைச்சர்களோ பாராளுமன்றத்துக்குள்ளிருந்து எடுக்கப்படுகிறார்கள். அமைச்சரைக் கேள்வி கேட்க வேண்டிய சபையில் அமைச்சரும் ஓர் உறுப்பினர். அமைச்சராக விரும்பும் ஓர் உறுப்பினர், தன்னை அமைச்சராக்கக்கூடிய ஜனாதிபதியை எவ்வளவு தூரம் எதிர்த்துப் பேசுவார்? சாய்வு இங்கேதான் தொடங்குகிறது.

பிரித்து வைத்ததன் பயன்

துறைகளைப் பிரிப்பது ஏட்டுச் சுரைக்காய் என்று நினைப்பவர்களுக்கு நம் நாட்டு வரலாற்றிலேயே ஒரு பாடம் உண்டு. 1962இல் இராணுவ, பொலிஸ் அதிகாரிகள் சிலர் அரசைக் கவிழ்க்க முயன்றதாகக் கைதுசெய்யப்பட்டார்கள். அதன் பிறகு பாராளுமன்றம் அவர்களை மனதில் வைத்தே ஒரு விசேட சட்டத்தை நிறைவேற்றியது. நடந்து முடிந்த காரியத்துக்குப் பின்னோக்கிச் செல்லும் சட்டம். சாட்சிய விதிகளையும் தண்டனையையும் அவர்களுக்காகவே மாற்றிய சட்டம். 11 பேர் குற்றவாளிகளாகக் காணப்பட்டனர். அப்போது நமது இறுதி மேன்முறையீட்டு மன்றமாக இருந்தது இலண்டனிலிருந்த பிரிவி கவுன்சில். ஒரு குறிப்பிட்ட கூட்டத்தாரைத் தண்டிப்பதற்கென்றே சட்டம் எழுதுவது நீதிபதியின் வேலையைப் பாராளுமன்றம் பறித்துக்கொள்வதாகும் என்று கூறி, 1965 டிசம்பரில் அது அவர்களை விடுதலை செய்தது. லியனகே வழக்கு என்று உலகெங்கும் சட்டக் கல்லூரிகளில் இன்றும் கற்பிக்கப்படுவது இதுதான்.

அவர்கள் செய்ய முயன்றது சரியென்று யாரும் சொல்லவில்லை. ஆனால் பெரும்பான்மை இருக்கிறது என்பதற்காக எவரையும் சட்டமெழுதிக் குற்றவாளியாக்கலாம் என்று விட்டிருந்தால், அடுத்த சட்டம் யார்மீது எழுதப்படும்? சிறுபான்மையினருக்கு இந்தக் கேள்வி மற்றவர்களைவிடச் சற்று உரக்கக் கேட்க வேண்டும்.

வர்த்தமானி என்ற நீளமான கை

சட்டம் பாராளுமன்றத்தில் ஆக்கப்படுகிறது என்று படிக்கிறோம். அது முழு உண்மையன்று. ஒரு சட்டத்தின் கடைசிப் பக்கங்களில் பெரும்பாலும் ஒரு பிரிவு இருக்கும்: "அமைச்சர் இச்சட்டத்தின்கீழ் ஒழுங்குவிதிகளை ஆக்கலாம்." அமைச்சர் ஒழுங்குவிதியை எழுதி ஒப்பமிட்டு வர்த்தமானியில் வெளியிட்டால் அதற்கும் சட்டத்தின் வலு உண்டு. பெரும்பாலான சட்டங்களின்கீழ் அது பிறகு பாராளுமன்றத்துக்குச் சமர்ப்பிக்கப்படும். ஆனால் அது அங்கே வந்து சேரும்போது வெளியே வேலை தொடங்கிவிட்டிருக்கும்.

இது அவசியமானதுதான். எந்தத் துறைமுகத்தில் எந்தப் பொருளைச் சோதிப்பது என்பதை 225 பேர் கூடி விவாதித்துக்கொண்டிருக்க முடியாது. கொள்ளைநோய் வந்தால் சட்டமூலம் கொண்டுவரும் வரை காத்திருக்கவும் முடியாது. எனவே வர்த்தமானியே வேண்டாம் என்பது என் வாதமல்ல. ஒருவரின் பேனா ஒரே இரவில் கோடிக்கணக்கானோரின் வாழ்க்கையை மாற்றும்போது மற்ற இரு துறைகளும் விழித்திருக்கின்றனவா என்பதே என் கேள்வி. அண்மைக்கால வர்த்தமானிகள் மூன்றை எடுத்துப் பார்ப்போம்.

முதலாவது, 2018 நவம்பர் 9. அதற்கு இரண்டு வாரங்களுக்கு முன்னர், ஒக்டோபர் 26இல், ஜனாதிபதி மைத்திரிபால சிறிசேன பிரதமர் ரணில் விக்கிரமசிங்கவை நீக்கி மஹிந்த ராஜபக்ஷவைப் பிரதமராக்கியிருந்தார். பெரும்பான்மை கிடைக்காது என்று தெரிந்ததும், நவம்பர் 9 இரவு அதிவிசேட வர்த்தமானியொன்றின் மூலம் பாராளுமன்றமே கலைக்கப்பட்டது. 19ஆவது திருத்தத்தின்படி, பாராளுமன்றம் கூடி நாலரை ஆண்டுகள் ஆகும்வரை, மூன்றிலிரண்டு பெரும்பான்மையோடு அந்தச் சபையே கேட்டாலன்றி அதைக் கலைக்க முடியாதிருந்தது. அரசியல் கட்சிகளும் தனிநபர்களும் உயர் நீதிமன்றம் சென்றார்கள். நவம்பர் 13இல் இடைக்காலத் தடையுத்தரவு கிடைத்தது. பாராளுமன்றம் மீண்டும் கூடியது. உள்ளே மிளகாய்த்தூள் வீசப்பட்ட வெட்கக்கேடான காட்சிகளுக்கு மத்தியிலும் சபாநாயகர் வாக்கெடுப்பை நடத்தினார். உறுப்பினர்கள் 122 பேர் மேன்முறையீட்டு நீதிமன்றத்தை நாடி, பெரும்பான்மை இல்லாதவர் பிரதமராகச் செயற்படுவதற்கு எதிரான தடையுத்தரவைப் பெற்றார்கள். டிசம்பர் 13இல் உயர் நீதிமன்றத்தின் ஏழு நீதியரசர்களும் ஒருமனதாக, கலைத்தது அரசியலமைப்புக்கு முரணானது என்று தீர்ப்பளித்தார்கள். ஒரு துப்பாக்கி வெடிக்காமல் ஒரு நெருக்கடி தீர்ந்தது. பாடநூலில் நாம் வரையும் மூன்று கட்டங்களும் அந்த ஐம்பது நாட்களில் உயிரோடு இயங்கின.

இரண்டாவது, 2020 ஏப்ரல் 11. கொவிட்-19 தொற்றினால் இறப்பவர்களின் உடல்களைக் கட்டாயமாகத் தகனம் செய்ய வேண்டும் என்ற ஒழுங்குவிதியைச் சுகாதார அமைச்சர் வர்த்தமானியில் வெளியிட்டார். அதற்கு அடிப்படை, 1897ஆம் ஆண்டின் தனிமைப்படுத்தல், நோய்த்தடுப்புக் கட்டளைச் சட்டம். அடக்கம் செய்யலாம் என்று உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டல் அனுமதித்திருந்தும் அந்த ஒழுங்குவிதி வந்தது. பாராளுமன்றத்தில் ஒரு வாக்கெடுப்பும் அதற்கு முன்னர் நடக்கவில்லை. அப்போது பாராளுமன்றம் கலைக்கப்பட்டிருந்தது. 11 மனுக்கள் உயர் நீதிமன்றம் சென்றன. 2020 டிசம்பர் 1இல் பெரும்பான்மை முடிவின்படி, விசாரணைக்கு எடுக்கப்படாமலே அவை தள்ளுபடியாயின. காரணம் கூறப்படவில்லை. அந்த மாதத்தில்தான் பிறந்து இருபதே நாளான ஒரு பச்சிளம் பாலகனும் பெற்றோரின் சம்மதமின்றித் தகனம் செய்யப்பட்டான். பொரளை மயானத்தின் வாயில் வேலியில் கபன் துணியை நினைவூட்டும் வெள்ளைத் துணிகளை மக்கள் கட்டினார்கள். அவர்களில் எல்லாச் சமூகத்தவரும் இருந்தார்கள். அதைப் பற்றிப் பேசும்போது எங்கள் மூத்தம்மாமார் இன்றும் கண் கலங்குகிறார்கள்.

2021 பெப்ரவரி இறுதியில் அடக்கம் செய்ய அனுமதி வந்தது. அதுவும் ஒரு வர்த்தமானிதான். அடைத்த அதே பேனாதான் திறந்தது. மார்ச்சில் ஓட்டமாவடியில் ஜனாஸாக்களை நல்லடக்கம் செய்யத் தொடங்கினார்கள். 2024 ஜூலையில், இந்தக் கட்டாயத் தகனத்துக்காகப் பாதிக்கப்பட்ட சமூகங்களிடம் மன்னிப்புக் கோர அமைச்சரவை தீர்மானித்தது. மன்னிப்பை ஏற்பதா என்பது பாதிக்கப்பட்டவர்களின் உரிமை. ஆனால் மன்னிப்புக் கேட்டதும் நிறைவேற்றுத்துறைதான் என்பதைக் கவனியுங்கள். அந்த விடயத்தில் சட்டவாக்கத்துறையும் நீதித்துறையும் நமக்காகத் திறக்கவில்லை.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். அந்தத் தகனங்கள் நடந்துகொண்டிருந்த 2020 ஒக்டோபர் 22இல்தான் ஜனாதிபதியின் அதிகாரங்களை மேலும் பெருக்கும் 20ஆவது திருத்தம் 156 வாக்குகளால் நிறைவேறியது. எதிர்க்கட்சி வரிசையிலிருந்த முஸ்லிம் உறுப்பினர்கள் சிலரும் அதற்கு ஆதரவாகக் கை உயர்த்தினார்கள். வலுவேறாக்கம் என்ற பாடத்தை நாம் அறிந்திருந்தால், அடுத்த முறை அவர்கள் வாக்குக் கேட்டு வீட்டுக்கு வந்தபோது அந்த ஒரு கேள்வியையாவது கேட்டிருப்போம்.

மூன்றாவது, 2021 மே 6. இரசாயனப் பசளை இறக்குமதியைத் தடைசெய்யும் வர்த்தமானி. சேதன விவசாயம் நல்லதா கெட்டதா என்பது வேறு விவாதம். ஒரே நாளில் நாடு முழுவதையும் அதற்கு மாற்றலாம் என்ற முடிவைப் பாராளுமன்றக் குழுவொன்று விவசாயிகளையும் விஞ்ஞானிகளையும் அழைத்து ஆராய்ந்திருந்தால் என்ன சொல்லியிருக்கும் என்று யோசியுங்கள். அம்பாறையிலும் பொலன்னறுவையிலும் வயல்கள் மஞ்சளாகின. அந்தப் பெரும்போகத்தில் நெல் விளைச்சல் பெரிதும் வீழ்ந்தது, தேயிலையும் பாதிக்கப்பட்டது. நவம்பரில் தடை விலக்கப்பட்டபோது காலம் கடந்துவிட்டது. "பலமான தலைவர் ஒருவர் இருந்தால் வேலை விரைவாக நடக்கும்" என்று பலர் சொல்லக் கேட்டிருக்கிறோம். பிழையும் அதே விரைவில் நடக்கும் என்பதை அந்த வயல்கள் காட்டின.

நீதித்துறையைப் பாதுகாப்பது யார்?

மற்ற இரு துறைகளையும் நீதித்துறை கண்காணிக்கிறது. அதை யார் பாதுகாப்பது? நம் நாட்டின் முதலாவது பெண் பிரதம நீதியரசர் ஷிராணி பண்டாரநாயக்க. 2011இல் நியமிக்கப்பட்ட அவர்மீது அடுத்த ஆண்டே குற்றப் பிரேரணை கொண்டுவரப்பட்டது. பாராளுமன்றத் தெரிவுக்குழு அவரை விசாரித்த முறை சட்டப்படியானதல்ல என்று உயர் நீதிமன்றமும், அதன் அறிக்கை செல்லாது என்று மேன்முறையீட்டு நீதிமன்றமும் 2013 ஜனவரியில் கூறின. ஆனாலும் ஜனவரி 11இல் பாராளுமன்றம் 155க்கு 49 என வாக்களித்தது; இரண்டு நாட்களில் ஜனாதிபதி அவரை நீக்கினார். 2015 ஜனவரியில், அவருக்குப் பின் செய்யப்பட்ட நியமனம் ஆரம்பத்திலிருந்தே செல்லாதது என்று கருதப்பட்டு, அவர் மீண்டும் தன் ஆசனத்துக்கு வந்தார். ஒரே நாள் இருந்து மரியாதையோடு ஓய்வுபெற்றார். இரண்டு துறைகள் கைகோர்த்தால் மூன்றாவதை எவ்வளவு எளிதாகத் தள்ளிவிடலாம் என்பதற்கு இதைவிட உதாரணம் வேண்டாம்.

அதனால்தான் நியமனங்கள் முக்கியமாகின்றன. 2022இல் நிறைவேறிய 21ஆவது திருத்தத்தின்படி, பிரதம நீதியரசரையும் உயர் நீதிமன்ற நீதியரசர்களையும் ஜனாதிபதி நியமிக்க அரசியலமைப்புப் பேரவையின் அங்கீகாரம் வேண்டும். பத்துப் பேர் கொண்ட அப்பேரவையில் மூவர் பாராளுமன்றத்துக்கு வெளியேயுள்ளவர்கள். ஜனாதிபதியின் உத்தியோகபூர்வச் செயல்களுக்கு எதிராக, சட்டமா அதிபரைப் பிரதிவாதியாக்கி அடிப்படை உரிமை மனுத் தாக்கல் செய்யும் வழியும் திறந்திருக்கிறது.

திறந்த கதவால் என்ன நடக்கும் என்பதையும் நாம் கண்டோம். 2019 உயிர்த்த ஞாயிறு தாக்குதல்களைத் தடுக்கத் தவறியமைக்காக, முன்னாள் ஜனாதிபதி பாதிக்கப்பட்டவர்களுக்கு 10 கோடி ரூபா இழப்பீடு செலுத்த வேண்டுமென 2023 ஜனவரியில் உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அதே ஆண்டு நவம்பரில், பொருளாதார நெருக்கடிக்குக் காரணமானவர்கள் மக்களின் நம்பிக்கையை மீறினார்கள் என்று முன்னாள் ஜனாதிபதி, முன்னாள் பிரதமர், முன்னாள் நிதியமைச்சர் உள்ளிட்டோருக்கு எதிராகப் பெரும்பான்மைத் தீர்ப்பு வந்தது. அந்த வழக்கைத் தொடுத்தவர்களில் ஒருவர் ஜூலியன் போலிங் என்ற முன்னாள் நீச்சல் வீரர். அவர் எந்தத் துறையின் தலைவரும் அல்லர், ஒரு பிரசை.

தட்டத் தெரிய வேண்டும்

ஆகவே என் தோழியருக்கும் பெற்றோருக்கும் நான் சொல்வது, கதவுகளின் இலக்கணத்தை முதலில் படிப்போம் என்பதே.

ஒரு சட்டமூலம் பாராளுமன்றத்தில் சமர்ப்பிக்கப்பட்டதும் அரசியலமைப்புக்கு முரணா என்று உயர் நீதிமன்றத்தில் கேட்க எந்தப் பிரசைக்கும் உரிமையுண்டு. அதற்குக் குறுகிய காலமே தரப்படும். சட்டமாகிச் சபாநாயகர் சான்றுரைத்துவிட்டால், அது செல்லுபடியாகாது என்று 80ஆம் உறுப்புரையின்படி எந்த நீதிமன்றத்திலும் வாதிட முடியாது. பிறகு தெருவில் நின்று அழுதாலும் அந்தக் கதவு திறக்காது. ஆனால் அமைச்சரின் ஒழுங்குவிதியையும் அதிகாரியின் செயலையும் அடிப்படை உரிமை மனுவால் எதிர்க்கலாம். அதற்கு 126ஆம் உறுப்புரை தரும் காலம் ஒரு மாதம். அந்த ஒரு மாதத்துக்குள் மனித உரிமைகள் ஆணைக்குழுவில் முறையிட்டால், அங்கே விசாரணை நடக்கும் காலம் அந்தக் கணக்கில் சேர்க்கப்படாது. சட்டத்தரணிக்குக் கொடுக்கப் பணமில்லாதவர்களுக்குச் சட்ட உதவி ஆணைக்குழு இருக்கிறது. 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவலறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் ஒரு வெள்ளைத் தாளில் எழுதிக் கேட்டால், தகவல் அலுவலர் 14 வேலை நாட்களுக்குள் தீர்மானத்தைச் சொல்ல வேண்டும். பாராளுமன்றத்திலும் பொது மனுக்கள் பற்றிய ஒரு குழு உண்டு. உறுப்பினர் ஒருவர் மூலம் நம் குறையை அங்கே வைக்கலாம்.

சரியான கதவு எது என்பதற்கு நம் வீடுகளுக்கு மிக நெருங்கிய ஓர் உதாரணம் 1951ஆம் ஆண்டின் முஸ்லிம் விவாக விவாகரத்துச் சட்டம். அதில் மாற்றம் வேண்டும் என்போரும் வேண்டாம் என்போரும் நம் சமூகத்தில் இருக்கிறார்கள். காழியாக நியமிக்கப்படுபவர் ஆணாக இருக்க வேண்டும் என்பது அச்சட்டத்தில் எழுதப்பட்டிருப்பது. 16ஆம் உறுப்புரையின்படி, 1978க்கு முன்பிருந்த சட்டங்கள் அடிப்படை உரிமைகளுக்கு முரணாக இருந்தாலும் செல்லும். எனவே காழியைக் குறை கூறியோ நீதிமன்றத்தை எதிர்பார்த்தோ அதிலுள்ள ஒரு சொல்லையும் மாற்ற முடியாது. அப்படியே வைத்திருக்க விரும்புவோரும் பாராளுமன்றத்தில்தான் அதைக் காக்க வேண்டும். 2009இல் நியமிக்கப்பட்ட குழுவின் அறிக்கை 2018இல்தான் கையளிக்கப்பட்டது. அந்த ஒன்பது ஆண்டுகளில் எத்தனை பிள்ளைகள் மணமக்களானார்கள்! இந்த விடயத்தில் எந்தப் பக்கம் நிற்பது என்பதை ஒவ்வொருவரும் ஆலிம்களோடும் சட்டம் அறிந்தவர்களோடும் கலந்து முடிவுசெய்யட்டும். ஆனால் இந்தச் சட்டத்தின்கீழ் வாழப்போகும் பெண் பிள்ளைகள் அதை ஒருமுறையாவது வாசித்திருக்க வேண்டும் என்று நான் உறுதியாகக் கருதுகிறேன்.

"பெண் பிள்ளைக்கு அரசியல் எதற்கு?" என்று சில பெற்றோர் கேட்கக்கூடும். அந்த அக்கறை எனக்கு விளங்குகிறது. மேடைகளில் நடப்பதைப் பார்த்தால் எந்தத் தாய்க்கும் தன் மகள் அதிலிருந்து தூர இருக்க வேண்டும் என்றே தோன்றும். ஆனால் அரசியலிலிருந்து நாம் விலகியிருக்கலாம். வர்த்தமானி நம் வீட்டிலிருந்து விலகியிருப்பதில்லை. பாடசாலைத் தவணையையும், மருந்தின் விலையையும், மையித்தை என்ன செய்வது என்பதையும்கூட அது தீர்மானித்திருக்கிறது. இலங்கைப் பெண்களுக்கு 1931இலேயே வாக்குரிமை கிடைத்தது. உலகின் முதலாவது பெண் பிரதமரை 1960இல் தந்த நாடு இது. கொழும்பு முஸ்லிம் மகளிர் கல்லூரியின் முதல் அதிபராகப் பணியாற்றிய ஆயிஷா ரவூப் அம்மையார் கொழும்பு மாநகர சபையின் பிரதி மேயராகவும் இருந்தார். அந்தக் காலத்தில் அது முடிந்ததென்றால், இன்று ஒரு சட்டமூலத்தை வாசித்து விளங்கிக்கொள்வது நம்மால் முடியாத காரியமா? 2024 தேர்தலுக்குப் பின்னரும் பாராளுமன்றத்தில் பெண்கள் ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்கினரே. நாட்டின் சனத்தொகையில் பாதிக்கு மேற்பட்டவர்கள் நாம்.

என்னிடம் ஒரு யோசனை இருக்கிறது. வர்த்தமானி வெள்ளிக்கிழமைதோறும் மூன்று மொழிகளிலும் வெளிவருகிறது. அதிவிசேட வர்த்தமானி எந்த நாளிலும் வரலாம். இணையத்தில் இலவசமாகப் பார்க்கலாம். நமது தமிழ் மன்றமும் அரசறிவியல் மாணவியரும் சேர்ந்து மாதத்துக்கு ஒரு வர்த்தமானி அறிவித்தலையோ ஒரு சட்டமூலத்தையோ எடுத்து, அதை எளிய தமிழில் ஒரு பக்கத்தில் எழுதி அறிவித்தல் பலகையில் ஒட்டுவோம். எந்தத் துறை அதைச் செய்தது, எந்தச் சட்டம் அதற்கு அதிகாரம் தந்தது, யாரைப் பாதிக்கும், எதிர்க்க விரும்பினால் எந்தக் கதவு, எத்தனை நாள் என்ற ஐந்து கேள்விகளுக்கும் விடை அதில் இருக்கட்டும். பெற்றோர் கூட்டத்துக்கு வரும் உம்மாமாரும் வாப்பாமாரும் நின்று வாசிப்பார்கள். தமிழில் நல்ல வசனம் எழுதவும் இதைவிடச் சிறந்த பயிற்சி இல்லை. சட்டத் தமிழின் கடுமையை உடைத்து மூத்தம்மாவுக்கு விளங்கவைப்பது சின்ன வேலையா?

இந்தப் பாடசாலையிலிருந்து வைத்தியர்களும் ஆசிரியர்களும் உருவாகியிருக்கிறார்கள், அல்ஹம்துலில்லாஹ். இனி சட்டத்தரணிகளும் நீதிபதிகளும் பாராளுமன்றத்தில் சட்டவரைவு எழுதுபவர்களும் கணக்காய்வாளர்களும் நம்மிடையே பெருக வேண்டும். அது நடக்கும் வரை குறைந்தபட்சம், அடுத்தமுறை ஓர் இரவில் ஒரு தாள் வெளியாகும்போது மறுநாள் காலையிலேயே அதை வாசித்துச் சொல்ல ஒவ்வொரு வீட்டிலும் ஒரு பெண் பிள்ளை இருக்கட்டும். சட்டம் நமக்குத் தரும் காலம் ஒரு மாதம். அந்த மாதத்தின் முதல் நாள் நமக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

— உயர்தரக் கலைப்பிரிவு மாணவி